உள்ளே கூப்பிட ஒரு பேர்

சாயங்காலம் என் மனைவி கலா மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "யஷ்வந்த்" என்று ஒரு குரல் கொடுத்தால் தெருவில் மூன்று தலைகள் திரும்பும். ஒன்று என் மகன். இன்னொன்று வீட்டுக்கார வெங்கடப்பாவின் பேரன். மூன்றாவது, ஆந்திராவில் குப்பம் என்கிற ஊரிலிருந்து வந்து இங்கே லாரி ஓட்டுகிறவரின் பையன். மூவரும் ஒரே ஸ்டம்ப்பைச் சுற்றி நின்று கிரிக்கெட் ஆடுவார்கள். "எந்த யஷ்வந்த் ஆன்ட்டி?" என்று கீழிருந்து ஒருத்தன் கேட்பான். கலா தன் விரலை நீட்டிக் காட்டுவாள். பள்ளிக்கூடத்திலும் இதே தொல்லைதான். அங்கே அவனை யஷ்வந்த் எம் என்கிறார்கள். அந்த 'எம்' நான்தான், மாரியப்பன். தெற்கத்திச் சீமையிலிருந்து ஓசூர் வரைக்கும் நாங்கள் தூக்கிக்கொண்டு வந்ததில் அவன் பேரில் ஒட்டியிருப்பது அந்த ஓர் எழுத்து.

உலகத்தில் யாருக்கும் இல்லாத பேராக இருக்க வேண்டும் என்றுதான் இப்போது எல்லாரும் தேடுகிறார்கள். செல்போனில் தேடுகிறார்கள், எண் ஜோதிடரிடம் போகிறார்கள், ஜகாரத்தையும் ஷகாரத்தையும் எங்காவது ஒட்டவைக்கிறார்கள். தேடித் தேடி எல்லாரும் வந்து சேருவது ஒரே இடத்துக்கு. எங்கள் தெருவில் ரித்விக் இரண்டு, தன்விகா இரண்டு, லிகித் ஒன்று, கிருத்திக் எத்தனை என்று எனக்கே குழப்பம். எங்கள் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று நீங்கள் கேட்கலாம். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர்த் தெருவில் நின்று "மாரி" என்றால் ஐந்து பேர் திரும்புவோம், உண்மைதான். ஆனால் ஐந்து பேரும் ஒரே கோயிலுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளைகள் என்பது ஊருக்கே தெரியும். யாரும் புதுசாகப் பேர் வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஷாப் ஃப்ளோரில் ஒருத்தன் பேரைச் சொன்னால் அவன் எந்த பஸ் ஏறி வந்தவன் என்று சொல்லிவிடுவேன். அப்படி ஒரு திறமை எனக்கு உண்டு என்று பீற்றிக்கொண்டும் திரிந்தேன். பேச்சிமுத்து, இசக்கிராஜ் என்றால் எங்கள் பக்கம். பாண்டி என்று ஏதாவது ஒட்டியிருந்தால் மதுரையைத் தாண்டி. மாதேஷ், மாதையன் என்றால் தர்மபுரி. பச்சையப்பன் சிங்காரப்பேட்டை. முனிராஜ், திம்மராயன், மஞ்சுநாத் என்றால் கேட்கவே வேண்டாம், உள்ளூர், அல்லது ஆனேக்கல் எல்லை. கேன்டீனில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது புதுசாகச் சேர்ந்தவனைப் பேர் கேட்டு, "கோவில்பட்டிதானே?" என்பேன். அவன் திகைப்பான். இப்போது பயிற்சிக்கு வரும் பையன்களிடம் அந்த வித்தை செல்லுவதில்லை. தர்ஷன், பிரணவ், சஞ்சய் என்கிறார்கள். எந்த ஊர் பஸ் என்று எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் அப்பா பேர் சுடலைமுத்து. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது போய்விட்டார். என்னை வளர்த்தது என் அக்கா பேச்சியம்மாள். பீடி சுற்றி, என்னை ஐடிஐ படிக்க வைத்து, ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் அவள்தான். அவளுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். எங்கள் பக்கம் தாத்தா பேர் மகன் வீட்டுத் தலைப்பிள்ளைக்குத்தான் போகும். அதனால் அப்பா பேர் என் வழியாகத்தான் திரும்ப வரவேண்டும். அக்கா அதற்காகக் காத்திருந்தாள். பெற்றவர் பேரை வாயால் சொல்லாத பழக்கம் அவளுக்கு. ரேஷன் கடையில் அப்பா பேர் கேட்டால்கூட என் முதுகில் தட்டி, "நீ சொல்லுலே" என்பாள். தாத்தா பேர் விட்ட, அதாவது வைத்த, பிள்ளையை அந்தப் பேர் சொல்லி எங்கள் வீடுகளில் யாரும் கூப்பிட மாட்டார்கள். மருமகள் மாமனார் பேரைச் சொல்லக் கூடாது, மகள் அப்பா பேரைச் சொல்லக் கூடாது. "அப்பா, இங்க வாங்க", "ஐயா, சாப்பிடுங்க" என்றுதான் மூன்று வயசுப் பொடியனைக் கூப்பிடுவார்கள். அக்காவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. அப்பா என்று கூப்பிட அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும்.

கலா மாசமாக இருந்தபோது, கேன்டீனில் மஞ்சுநாத் என்னிடம் ஒன்று கேட்டான். கர்நாடகத்தில் கனகபுரா பக்கத்துக்காரன், எங்கள் லைனில் எனக்கு அடுத்த மெஷின். பிள்ளைக்கு என்ன பேர் யோசித்திருக்கிறாய் என்றான். பையன் என்றால் அப்பா பேர், சுடலைமுத்து என்றேன்.

"சுடலைன்னா சுடுகாடுதானே? உங்க அப்பாக்கு சுடுகாட்டுப் பேரா வெச்சாங்க?"

அவன் கேட்டதும் பக்கத்து மேஜையில் இரண்டு பேர் திரும்பினார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. அது சாமி பேருப்பா, எங்க குலசாமி என்று ஏதோ சொல்லிவிட்டு, நானே சிரித்து வைத்தேன். அன்று ராத்திரி அக்காவிடம் போனில் பேசும்போது அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். "இங்க ஒருத்தன் சுடுகாட்டுப் பேராங்கான்க்கா" என்று. அவளும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம். சிரித்துவிட்டு, "பிள்ளைய அப்படிக் கேப்பானுவளோ?" என்றாள். கேட்டா கேட்டுட்டுப் போறான் என்றேன். பேச்சு கலாவின் கால் வீக்கத்துக்குப் போய்விட்டது.

அந்த மஞ்சுநாத்தின் தாய்மாமன் பேர் மசணய்யா. கன்னடத்தில் மசணம் என்றாலும் சுடுகாடுதான். இது எனக்கு அந்த மாமன் செத்து, துக்கம் கேட்கப் போனபோதுதான் தெரிந்தது, ரொம்ப வருஷம் கழித்து. "எங்க மாமா மாதிரியே உங்க அப்பா பேரும்னு அன்னிக்கு எனக்கு ஆச்சரியம். நீ சிரிச்சிட்டே, அதான் நான் மேல கேக்கலை" என்றான். சொந்தம் கண்டு கேட்டவனை நான் கிண்டல் பண்ணுகிறான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெளியூரில் பிழைக்க வந்தவனுக்கு காது கொஞ்சம் கோணலாகத்தான் கேட்கும் போலிருக்கிறது.

பையன் பிறந்தான். கலாவுக்கு அம்மா இல்லாததால் பிரசவம் இங்கேயே. முப்பது நாள் கழிந்து பேர் விடுவது என்று வைத்து, அக்காவை முன்னதாகவே வரச் சொன்னேன். வெள்ளி அரைஞாணும் கருப்பட்டியும் முருங்கைக்காயுமாக வந்து இறங்கினாள். சும்மா உட்காரத் தெரியாதவள். பிள்ளை தூங்கும் நேரமெல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்து ஏதாவது ஆய்ந்துகொண்டே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வெங்கடப்பாவின் பேரன் நாலு வயசுப் பிள்ளை. அவன் அம்மா சோற்றுக் கிண்ணத்தோடு "யஷ்வந்த், யஷ்வந்த்" என்று தெரு முழுக்க ஓடுவாள். அக்கா ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பேர் கேட்பாள். அந்தப் பேர்களைச் சொல்ல அவள் நாக்கு படும் பாட்டைப் பார்த்து நானும் கலாவும் சிரிப்போம்.

"ஏட்டி கலா, இங்கன முத்துன்னு ஒருத்தன்கூட கெடையாதா?"

"இல்லயே மதினி."

"மாடன்னு?"

"யாரும் இல்ல மதினி."

அக்கா மடியிலிருந்து அடுத்த கொத்தை எடுத்தாள். கருவேப்பிலையை உருவிக்கொண்டு தெருவையே பார்த்தாள்.

பேர் விடும் நாளில் வெங்கடப்பா வீட்டார், லைனில் வேலை பார்க்கும் நாலைந்து பேர், அவ்வளவுதான் கூட்டம். எங்கள் வழக்கத்தில் பிள்ளையின் காதில் பேர் சொல்வது அத்தைக்கு உரிய சீர். அவள் காதில் என்ன சொல்கிறாளோ அதுதான் பேர். அப்பன் ஆயிரம் யோசித்திருக்கலாம், அதற்கு அப்புறம் மாற்று கிடையாது. வாயால் சொல்லக் கூடாத பெரியவர் பேரானாலும் அந்த ஒரு தடவை காதோடு சொல்லலாம். அக்கா பிள்ளையை மடியில் போட்டு, வெற்றிலையால் அவன் காதை மறைத்து, மூன்று தரம் சொன்னாள். நிமிர்ந்தாள். எல்லாரும் என்ன பேர் என்று கேட்க வேண்டும், அது சம்பிரதாயம். வெங்கடப்பாதான் கேட்டார்.

"யஷ்வந்து" என்றாள் அக்கா.

வெங்கடப்பா வீட்டில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். நம்ம பையன் பேரு என்று கை தட்டினார்கள். கலா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். அப்பா பேர் போய்விட்டதே என்று எனக்கு இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

கூட்டம் போனபின் அக்காவிடம் கேட்டேன். "ஏன்க்கா இப்படிச் செஞ்ச?"

பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். "அவன் இங்கன இருக்கப்போறவம்லே. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல சுடுகாடுன்னு எவனும் ஒரு சொல்லு சொல்லிட்டாம்னா, அது அப்பாவயும்லா சொன்ன மாதிரி. இந்த வீட்டுக்காரவ பிள்ளைக்கு என்ன பேரோ அதே பேரு இருந்துச்சுன்னா அவங்க பிள்ளையோட பிள்ளையா இருந்துக்கிடுவான். அப்பா எங்க போயிறப் போறாவ."

அவள் குரலில் எந்த வருத்தமும் இல்லை. மறுநாள் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு, "மருமவனே, மருமவனே" என்று கொஞ்சினாள். அப்பா என்று ஒரு தடவை வாய் வந்துவிடாதா என்று நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அப்பா பேர் விடாத பிள்ளையை எப்படி அப்படிக் கூப்பிடுவாள்? அவளுக்கு அதெல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும்.

அக்கா ஊருக்குப் போன பின், அதே வருஷம் வெங்கடப்பா வீட்டில் இரண்டாவது பேரன் பிறந்தான். கெலமங்கலத்துக்கு வெளியே அவர்களுடைய நிலத்து வீட்டில் பேர் வைக்கும் விசேஷம். நாங்களும் போனோம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், ஆனேக்கல் சொந்தக்காரர்கள் வந்தால் கன்னடம், எங்களிடம் தமிழ். அவர்கள் வழக்கம் வேறு. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பிள்ளையின் அப்பா தங்க மோதிரத்தால் அதில் பேர் எழுதினார். முதலில் ஒரு பேர் எழுதினார், எல்லாரும் கும்பிட்டார்கள். பிறகு கையால் அரிசியை நிரவிவிட்டு இன்னொரு பேர் எழுதினார். எனக்குப் புரியவில்லை. முதலில் எழுதினது தப்பா என்று வெங்கடப்பாவிடம் கேட்டேன்.

"தப்பு இல்லப்பா. மொதல்ல எழுதினது பெரியவங்க பேரு, வீட்டுக்கு. ரெண்டாவது ஸ்கூலுக்கு, ஆபீசுக்கு. வீட்டுக்கு ஒண்ணு, ரோட்டுக்கு ஒண்ணு. அந்தப் பேரு வாசப்படி தாண்டாது, இந்தப் பேரு உள்ள வராது."

"அப்போ யஷ்வந்த்?"

"அவன் எங்க அப்பா பேரு. முனியப்பா. நான் வீட்ல யஷ்வந்துன்னு கூப்பிட்டா அவனே சிரிப்பான்." பிறகு என் தோளில் கை வைத்து, "உங்க அக்கா எங்க பேரு வெச்சாங்க, ரொம்ப சந்தோசம். உள்ள என்னா பேரு வெச்சீங்க?" என்றார்.

இலை போட்டாயிற்று என்று யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டேன். ஒப்பட்டு என்று போளி வைத்தார்கள், நெய் ஊற்றினார்கள். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து தெருவைத்தான் பார்த்தாள். தெருவில் இருக்கும் பேரைத்தான் பார்க்க முடியும். உள்ளூர்க்காரன் பாதியை வெளியே விட்டு, பாதியை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறான். வந்தவர்கள் நாங்கள் வெளியே கிடந்ததைப் பார்த்து அதுதான் முழுசும் என்று எடுத்துக்கொண்டு, எங்களிடம் இருந்ததை இறக்கி வைத்துவிட்டோம். யாரும் எங்களை இறக்கச் சொல்லவில்லை.

நாங்களும் வீட்டில் வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். நினைத்தேன். கலாவிடம் சொன்னேன். "மதினி காதுல சொல்லாத பேரை நாம எப்படிங்க கூப்பிட முடியும்?" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். நானே ஒரு நாள், யாரும் இல்லாதபோது, தொட்டில் பக்கம் குனிந்து "அப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். நாடகத்தில் வசனம் பேசியது போல இருந்தது. அதற்கப்புறம் சொல்லவில்லை. அக்காவிடமும் இந்த அரிசி விஷயத்தை நான் சொல்லவே இல்லை. ஆசையாகக் கொடுத்ததைக் கொண்டுபோய், வீணாகக் கொடுத்துவிட்டாய் என்று எந்த வாயால் சொல்வது?

கோடை லீவுக்கு ஊருக்குப் போனால் அங்கே வேறு கூத்து. சுடலை கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருந்த பிள்ளைகளின் பேரைக் கேட்டேன். ரித்விக், ஹாசினி, கவின், தன்விகா. என்னோடு கம்மாயில் குதித்த பேச்சிமுத்துவின் மகன் பேர் ரியான்ஷ். சாமிக்கு முன்னால் நின்று, அந்தச் சாமி பேர் ஒருத்தனுக்கும் இல்லாமல், எல்லாரும் விபூதி வாங்கிக்கொண்டிருந்தோம். ஓசூருக்காக நாங்கள் விட்டது போதாதென்று ஊரும் விட்டுவிட்டது. யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் நான் கலாவைக் கோபித்துக்கொண்டேன், பால் பாட்டிலை மறந்துவிட்டாள் என்று.

இந்தச் சித்திரையில் அக்கா மறுபடி ஓசூர் வந்தாள். முட்டுவலி, பஸ்ஸில் வரச் சிரமம், ஆனாலும் கருப்பட்டி இல்லாமல் வரமாட்டாள். வீட்டுக்காரருக்கு என்று தனியாக ஒரு பொட்டலம். நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கேட்கவில்லை. தானே இறங்கிப்போய்க் கொடுத்தாள். உட்காரவைத்துக் காபி கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது. வந்து நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, அந்தப் பெரிய பையனை வீட்டுக்குள்ள என்னமோ முனியப்பாங்காரு அந்தத் தாத்தா. பால் குடிக்கக் கூப்புடுதாரு."

நான் செல்போனைப் பார்ப்பது போல இருந்தேன்.

"கேட்டேன். அவரு அப்பா பேராம்லா. எல்லாப் பிள்ளைக்கும் உள்ள ஒரு பேரு இருக்காம்." முழங்காலிலிருந்து கையை எடுத்தாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எப்பம் இருந்து?"

"அந்த வருசமே."

திட்டுவாள் என்று இருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "சரி, நீ என்ன செய்வ" என்றாள். "நான்லா காதுல சொன்னேன்." கலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்கா மறுபடி தன் முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தாள். "அவரு கூப்பிட்டதும் அந்தப் பையன் எப்படி ஓடி வந்தான்" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, பால் வாங்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பினேன். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள். கலா சாப்பிடக் கூப்பிடச் சொல்லியிருக்க வேண்டும்.

"யஷ்வந்து" என்று கூப்பிட்டாள். மூன்று தலைகள் திரும்பின.

"எந்த யஷ்வந்த் பாட்டி?" என்றான் லாரிக்காரர் மகன். என் மகன் எனக்கென்ன என்று மட்டையைச் சுழற்றினான். வெங்கடப்பாவின் பேரன் சிரித்தான். அவர்கள் மறுபடி ஆடத் தொடங்கிவிட்டார்கள். அக்கா கை நீட்டிக் காட்டவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு, என் ஆயுசில் நான் அவள் வாயால் கேட்டிராத அந்தப் பேரை, நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்.

"சுடலமுத்து."

தெருவில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஏன் சுடுகாட்டுப் பேர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பந்து சாக்கடைப் பக்கம் உருண்டது, என் மகன் அதன் பின்னால் ஓடினான். அந்தக் குரலுக்குத் திரும்பிய தலை தெருவில் ஒன்றே ஒன்றுதான். பால் பாக்கெட்டோடு முனையில் நின்றுகொண்டிருந்த என்னுடையது.